பதினான்கு நானோடெஸ்லா

காந்தமானியைச் சோதிக்க இரும்பில்லாத இடம் வேண்டும். மலேசியாவின் ஜொகூரில் அப்படியோர் இடத்தைத் தேடிப் பிரேமலா இரண்டு மாதம் அலைந்தாள். தெப்ராவ் தொழிற்பேட்டையில் இருந்த அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் அது நடக்காத காரியம். பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு பாரந்தூக்கி நகர்ந்தாலே இங்கே கருவியின் முள் ஆடும். கடைசியில் பண்டார் தெங்காராவைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்தின் கோடியில் இடம் கிடைத்தது. அங்கே பலகையும் பித்தளை ஆணியுமாக ஒரு பொண்டோக் குடிசை கட்டினார்கள். கதவுக்குக் கீல்கூடக் கிடையாது, நைலான் கயிறுதான்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கருவி ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஒரு வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் அனுப்பவிருந்த சிறிய கலத்தில் அது போக வேண்டும். கலம் மூன்று ஆண்டு பயணம் செய்து, சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறுகோளுக்கு அருகே ஒரே ஒருமுறை கடந்துபோகும். பெயர்கூட வைக்கப்படாத, வெறும் எண்ணால் அறியப்பட்ட கல் அது. அந்தக் கல்லுக்குக் காந்தம் உண்டா, இல்லையா? கருவி சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் மொத்தம் ஆறு பேர். தலைவர் டாக்டர் மதிவாணன். கருவியின் வடிவமைப்பு பிரேமலாவுடையது. கருவியின் உயிர் எதுவோ அதைச் செய்தவர் பரக்கத் நிஷா. ஐந்து காசு அளவுள்ள ஓர் உலோக வளையத்தில், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை முந்நூறு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று மேலேறினாலும் வளையம் வீண். நிஷா இருபத்திரண்டு ஆண்டு ஒரு மின்னியல் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வேலை செய்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் இங்கே வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கை மட்டும் ஆடாது.

சோதனை நாட்களில் இருவரும் பொண்டோக்குக்கு ஐம்பது மீட்டர் முன்பே காரை நிறுத்திவிட்டு, கைப்பேசி, சாவி, பெல்ட் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிட்டு நடப்பார்கள். நிஷா தலைத்துணிக்கு ஊசி குத்தாமல் முடிச்சுப் போட்டுக்கொள்வார். பிரேமலா தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்குகளைக் கழற்றி வைப்பாள்.

"ஊக்கக் கழட்டியாச்சா பிரேமா? போன தடவ மாதிரி பாதி நாள் வீணாயிடப் போகுது" என்று நிஷா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

கலத்தில் முதலில் இரண்டு உணரிகள் வைப்பதாகத்தான் இருந்தது. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். எடையைக் குறைக்க வேண்டும் என்று இரண்டாவதை எடுக்கச் சொன்னார்கள். உணரியோடு ஒட்டியிருந்த வெப்பமானியும் அதோடு போனது. டாக்டர் மதிவாணன் மூன்று வாரம் வாதாடிப் பார்த்தார். தொண்ணூறு கிராமுக்காக மொத்தக் கருவியையும் இறக்கிவிடுவார்கள் போலிருந்தது. ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நோய்த்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்தார்கள். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த பிரேமலாவின் கணவன் சுகுமாறன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஏழு வாரம் கழித்து அனுமதிக் கடிதத்தோடு பிரேமலாவும் நிஷாவும் மட்டும் உள்ளே போகலாம் என்று விட்டபோது, கருவியை விமானத்தில் ஏற்றப் பதினொரு நாள்தான் இருந்தது. சிறுகோள் யாருக்காகவும் காத்திருக்காது. கலம் புறப்படும் தேதியை ஒருவராலும் தள்ளிவைக்க முடியாது.

நிஷா சுற்றி வைத்திருந்த வளையத்தை அதன் கூட்டுக்குள் பசை ஊற்றி நிறுத்த வேண்டும். அந்தப் பசை தானாக இறுக ஏழு நாள் ஆகும். இறுகும்போது அது சுருங்கும். மெதுவாக இறுகினால் வளையத்தை நெருக்காது. அவசரப்படுத்தினால் உள்ளே ஒரு நெருக்கல் தங்கிவிடும். சூடு சட்டென்று மாறும்போது அந்த நெருக்கலும் மாறி, இல்லாத காந்தத்தை இருப்பதாகக் கருவி காட்டக்கூடும். இது பிரேமலாவுக்குத் தெரியும். ஆய்வுக்கூட மின்னடுப்பில் எழுபது டிகிரியில் வைத்தால் இரண்டே நாளில் இறுகிவிடும் என்பதும் தெரியும். பசையின் குறிப்பேட்டிலேயே அதற்கு அனுமதி இருந்தது.

அவள் அடுப்பில் வைத்தாள். பதிவேட்டில் எழுதினாள். டாக்டர் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டார். மெதுவாகச் சூடேற்றிச் செய்த சோதனைகளில் கருவி தேறியது. சட்டென்று சூடேற்றிப் பார்க்கும் சோதனைக்கு நாள் போதவில்லை. கலம் எப்போதும் தன் ஒரு பக்கத்தையே சூரியனுக்குக் காட்டியபடி போகும், உணரி நிழலில் இருக்கும் என்பதால் அது தேவைப்படாது என்று தோன்றியது.

மறு ஆண்டு கலம் புறப்பட்டது. கருவி விழித்துக்கொண்டு, வாரந்தோறும் வியாழக்கிழமை தன் பதிவுகளை அனுப்பியது. எல்லாம் நன்றாகவே இருந்தன.

2024 ஆகஸ்ட்டில் ஒரு பிற்பகலில் கலம் சிறுகோளைக் கடந்தது. ஆறு பேரும் ஒரே திரையைச் சுற்றி நின்றார்கள். கோடு தட்டையாகவே வந்துகொண்டிருந்தது. கலம் கல்லுக்கு மிக நெருங்கிய நிமிடத்தில் கோடு எழும்பியது. மெல்ல ஏறி, ஒரு மேடு கட்டி, இறங்கியது. பதினான்கு நானோடெஸ்லா. ஜொகூர் மண்ணில் பூமியின் காந்தம் எவ்வளவோ, அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு.

"அலமாக்! இருக்குதா? காந்தம் இருக்குதா?" என்று நிஷா பிரேமலாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

டாக்டர் மதிவாணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பிரேமலாவின் கையில் இல்லை. வெளிநாட்டுக் குழுவின் தலைவி ஹெல்கா அன்று மாலையே வாழ்த்து அனுப்பினார். தமிழ் நாளிதழில் பாதிப் பக்கத்துக்குச் செய்தி வந்தது: சிறுகோளில் காந்தம் கண்டுபிடித்த சாஆ தோட்டத்துப் பெண். வானொலியில் பேசச் சொன்னார்கள். அவள் பிறந்த ஊரான சாஆவில் தனியாக இருந்த அம்மா தனலெட்சுமி, அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரேமலா கட்டுரைக்காகக் கலத்தின் நடமாட்டக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படக்கருவிக் குழு எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. சிறுகோளை விடாமல் படமெடுப்பதற்காக, நெருங்கும் வேளையில் கலத்தைத் திருப்பினார்களாம். நூற்றுப் பத்து டிகிரி. ஒன்பது நிமிடம்.

அவள் ஒரு தாளில் கலத்தை வரைந்தாள். சூரியனை வரைந்தாள். கலத்தைத் திருப்பினாள். நிழலில் இருந்த உணரி வெயிலுக்கு வந்தது.

நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு ஏறத் தொடங்கியது, கலம் திரும்பத் தொடங்கி நாற்பது நொடிக்குப் பிறகு. கல்லை நெருங்கியதும் அதே வேளைதான். இரண்டில் எது காரணம் என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

அவர் கடைசிவரை கேட்டார். பழைய பதிவேட்டைத் தானே எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய கையெழுத்து அங்கே இருந்தது.

"நானும்தான் சைன் பண்ணியிருக்கேன். உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க."

"யார் மேலங்கிறது இல்ல டாக்டர். அது கல்லோட காந்தமா, பசையோட வேலையான்னு தெரியணும்."

"தெரிஞ்சுக்க என்ன வழி?"

"அதே மாதிரி வளையம் செஞ்சு, அதே மாதிரி அடுப்புல வச்சு, பொண்டோக்ல சட்டுனு சூடேத்திப் பாக்கணும்."

"அது வரைக்கும் ஹெல்காகிட்ட சொல்ல வேணாமா?"

"எதையாவது கையில வச்சுக்கிட்டுச் சொல்லலாம்" என்றாள். அப்படிச் சொன்னது கோழைத்தனமா, நிதானமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று வளையங்கள் வேண்டும் என்று அவள் கேட்டபோது நிஷா காரணம் கேட்டார். பிரேமலா ஒளிக்கவில்லை. நிஷாவின் முகம் மாறியது.

"என் கையில தப்பா? நான் சுத்துனதுல எதுவும் மேல ஏறியிருக்கா?"

"உங்க கையில ஒண்ணும் இல்லக்கா. சுத்தினதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அடுப்புல வச்சேன்."

"அன்னைக்கு ரெண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கிட்டு இங்கதானே நின்னோம். அடுப்புக் கதவ மூடினது நான்தானே" என்றார் நிஷா. பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்துவிட்டார். மூன்று வளையங்கள் சுற்ற அவருக்குப் பதினாறு நாள் பிடித்தது.

பொண்டோக்குக்குப் போனார்கள். உள்ளே ஆளுயரத்துக்குச் செம்புக் கம்பிச் சுருள்கள் நின்றன. அவற்றில் மின்சாரம் பாய்ச்சினால், நடுவில் ஒரு கையகல இடத்தில் பூமியின் காந்தம் இல்லாமல் போகும். அந்த இடத்தில் வளையத்தை வைத்தார்கள். முதலில் உலர்பனிக்கட்டியால் குளிரவைத்து, பிறகு வெளியே அடுப்பில் கொதித்த வெந்நீரை பிளாஸ்டிக் குழாய் வழியாக விட்டுச் சூடேற்ற வேண்டும். ஒன்பது நிமிடம் எதுவும் அசையக் கூடாது.

முதல் நாள் நாலாவது நிமிடத்தில் கோடு தாறுமாறாக ஆடியது. பிரேமலா வெளியே ஓடிப் பார்த்தாள். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து டிராக்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஐயாசாமி கையைத் தூக்கிச் சிரித்தார்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க அங்கிள்! ஒரு மணி நேரம்!"

"ஒரு மணி நேரமா? பழம் மில்லுக்குப் போவணும்லா. மண்டோர் என்னையத்தான் ஏசுவாரு."

"ரொம்ப முக்கியம் அங்கிள்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, மறுபேச்சு இல்லாமல் டிராக்டரைப் பின்னால் எடுத்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த இரண்டு நாளும் அவராகவே சுற்றுவழியில் போனார்.

முதல் வளையம் பதினொரு நானோடெஸ்லா காட்டியது. ஏறி, மேடு கட்டி, இறங்கியது. திரையில் பார்த்த அதே உருவம். நிஷாவுக்கும் புரிந்துவிட்டது. "அல்லாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது வளையம் நான்குதான் காட்டியது.

மூன்றாவது பதினாறு.

ஒரே கை சுற்றியது, ஒரே பசை, ஒரே அடுப்பு. மூன்றும் மூன்று எண். பிரேமலா பலகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே போன கருவி இந்த மூன்றில் எதைப் போன்றது? நான்கைப் போன்றது என்றால் கல்லுக்குக் காந்தம் இருக்கிறது. பதினாறைப் போன்றது என்றால் இல்லவே இல்லை. அந்த ஒரு வளையத்தை ஒரே ஒரு முறை கையில் எடுத்து வெந்நீர் ஊற்றிப் பார்த்தால் போதும். அது இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலையே கடிதம் எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். பசை, அடுப்பு, தேதி, மூன்று எண்கள். டாக்டர் படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மாற்றினார். அவள் 'என் பிழை' என்று எழுதியிருந்த இடத்தில் 'எங்கள் பிழை' என்று போட்டு அனுப்பினார்.

ஹெல்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். திரையில் தெரிந்த முகத்தில் களைப்புத்தான் இருந்தது. சொன்னதற்கு நன்றி என்றார். கட்டுரையை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். பிறகு, "இன்னும் ஒரு வழி இருக்கிறது, இல்லையா?" என்றார்.

இருந்தது. கலத்தை இன்னொரு முறை அதேபோலத் திருப்ப வேண்டும். இப்போது பக்கத்தில் கல் இல்லை. வெயில் பட்டதும் மேடு வந்தால், அது பசையின் பொய். வராவிட்டால், அன்று பார்த்தது உண்மை. அதை நேராகக் கேட்கத் துணிச்சல் வராமல்தான் பிரேமலா கடிதத்தின் கடைசி வரியில் ஒதுக்கி எழுதியிருந்தாள்.

கலத்தின் எரிபொருள் அளந்து வைத்தது. மற்ற கருவிகளின் குழுக்கள் ஒவ்வொன்றும் சம்மதிக்க வேண்டும். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் பிரேமலா தெப்ராவிலிருந்து திரைவழியே உட்கார்ந்து, அதே விளக்கத்தைச் சொன்னாள். ஒரு முறை யாரோ, "உங்கள் பசைக்காக எங்கள் எரிபொருளா?" என்று கேட்டார். அவள் மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஏழு மாதம் கழித்து, 2025 ஜூனில், ஒரே ஒரு திருப்பத்துக்கு அனுமதி வந்தது.

அந்த ஏழு மாதமும் கலம் சூரியனை விட்டு விலகியபடியே இருந்தது. இப்போது வெயில் அன்றைக்கு இருந்ததில் பாதிக்கும் குறைவு. பசையின் வேலையானாலும் ஐந்து அல்லது ஆறுதான் எழும்பும் என்று பிரேமலா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதற்கு முன்னும் பின்னும் கோடு தட்டையாக இருந்தால் போதும், அந்த ஐந்தையோ ஆறையோ கண்டுபிடித்துவிடலாம்.

திருப்பிய நாளன்று காலை பத்து மணிக்குப் பதிவு வந்தது. சுகுமாறன் விடுப்புப் போட்டுவிட்டு அவளை ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து விட்டிருந்தான். டாக்டர், நிஷா, பிரேமலா மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

கோடு தட்டையாக இல்லை. கலம் திரும்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே ஏறி இறங்கி, கிழிந்த துணியின் ஓரம்போல் இருந்தது. சூரியனில் முந்தைய நாட்களில் ஏதோ வெடித்து, அதன் காந்தம் சுமந்த காற்று அன்றைக்குத்தான் கலத்தைத் தொட்டிருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்கள் தன்பாட்டுக்குக் குதித்தன. அதற்குள் ஐந்தோ ஆறோ ஒளிந்திருந்தால் ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது.

"இன்னொரு தடவ கேப்போமா?" என்று நிஷா கேட்டார்.

"தரமாட்டாங்கக்கா. எண்ணெய் இல்ல."

"வேற எப்படியாச்சும்? நீ கணக்குலா போடுவியே."

பிரேமலா கணக்குப் போட்டாள். ஒரு மாதம், காலையில் வந்து உட்கார்ந்தால் மாலைவரை, தெரிந்த வழியெல்லாம் போட்டாள். டாக்டரும் தனியாகப் போட்டார். ஹெல்காவின் குழுவில் இருவர் போட்டார்கள். பாதி வழிகள் ஆம் என்றன. மீதி இல்லை என்றன. கடைசியில் எல்லாரும் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மின்னஞ்சல்கள் வருவது குறைந்து, பிறகு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சாஆவுக்குப் போனாள். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து, அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். பசையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் எளிதாக விளக்கினாள்.

அம்மா கவனமாகக் கேட்டார். "அப்ப அந்தக் கல்லுல காந்தம் இல்லையா?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம்."

"எப்பத் தெரியும்?"

"தெரியவே தெரியாது."

அம்மா சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பிரேமலா சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அதக் கழட்டிடவா?"

பொய்யென்று தெரிந்தால் கழற்றச் சொல்லலாம். மெய்யென்றால் இருக்கட்டும் எனலாம். அம்மா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ மோட்டாரை நிறுத்திக் கூப்பிடவே, "தோ வரேன்" என்று எழுந்துபோனார். திரும்பி வந்தபிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பரில் கட்டுரை வெளியானது. சிறுகோளின் உருவம், நிறம், சுழற்சி எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. காந்தத்துக்கு ஒரே ஒரு வாக்கியம். நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு."

"நெருங்கின நேரத்துல பதினாலு நானோடெஸ்லா தெரிஞ்சுது. அது கல்லுலேர்ந்து வந்ததா, கருவியிலேர்ந்து வந்ததான்னு சொல்ல முடியல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"ஆறு வருசம்" என்றார் நிஷா. பிறகு, "நம்ம பேரு இருக்கா?"

"இருக்கு. எட்டாவது நான். பதிமூணாவது நீங்க."

நிஷா திரையின் அருகே குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததா, மைக்ரோஸ்கோப் பார்த்துப் பார்த்துச் சிவந்துபோன கண்தானா என்று பிரேமலாவால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கல்லை நோக்கி இன்னொரு கலம் அனுப்பும் எண்ணம் எந்த நாட்டுக்கும் இல்லை. கருவி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வியாழக்கிழமை. மதியத்துக்கு மேல் புதிய பதிவுகள் வந்து இறங்கின. ஒவ்வொரு வாரமும் அவற்றைப் பார்த்து, நம்பலாம் என்றோ நம்பக் கூடாது என்றோ ஒரு சிறு கட்டத்துக்குள் குறியிட்டு அனுப்ப வேண்டியது பிரேமலாவின் வேலை. அவள் கோப்பைத் திறந்தாள். கோடு தட்டையாக, அழகாக இருந்தது. கட்டத்தின்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.